மறு: செயற்கை ஈ, உலர் ஈ (தூண்டில் கலைச்சொற்கள்)

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையைத் திறக்கவில்லை, இன்று காலை பார்த்தால் இருபத்திரண்டு மடல். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுகிறார்களே, அந்த 'ஆர்ட்டிஃபிஷியல் ஃபிளை'க்குச் 'செயற்கை ஈ' என்று முடிவுகட்டி, அதே வேகத்தில் நீர்மேல் மிதக்கிற 'டிரை ஃபிளை'க்கு 'உலர் ஈ', மூழ்குகிற 'வெட் ஃபிளை'க்கு 'ஈர ஈ' என்று பட்டியலும் போட்டாகிவிட்டது. 'ஈர ஈ'யை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உலர் ஈயோ மளிகைக் கடையில் உலர் திராட்சைக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பது போலத்தான் எனக்குக் கேட்கிறது. பட்டியல் போட்ட ஐயாவிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய, கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஈ. யாழ்ப்பாண நண்பர் ஒருவர் "எங்கள் ஊரில் ஈயை இலையான் என்போம், அப்போது நாங்கள் செயற்கை இலையான் என்றா எழுதுவது?" என்று கேட்டிருந்தார். எல்லோரும் சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நியாயமான கேள்வி அது. ஆங்கிலத்தில் 'ஃபிளை' என்பது பறக்கிற பூச்சி எதன் வாலிலும் ஒட்டிக்கொள்ளும்: டிராகன்ஃபிளை, பட்டர்ஃபிளை, மேஃபிளை. நமக்குத் தும்பி தும்பிதான், பட்டாம்பூச்சி பட்டாம்பூச்சிதான், ஈ என்றால் பலகாரத்தில் உட்காருவது மட்டும். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீன் விரும்பித் தின்னும் மேஃபிளை, கேடிஸ்ஃபிளை, ஸ்டோன்ஃபிளை மூன்றுமே பூச்சியியல்படி ஈ வரிசையில் வராதவை. அதோடு நிற்கவில்லை. குட்டி மீன் போலக் கட்டுவதும் ஃபிளைதான், இறால் போலக் கட்டுவதும் ஃபிளைதான், மான் முடியை வைத்துச் சுண்டெலி போலக் கட்டுகிறார்களே, அதுவும் ஃபிளைதான். சுண்டெலி வடிவில் ஒரு செயற்கை ஈ என்று கட்டுரையில் எழுதினால் படிக்கிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

இன்னொருவர் குறள் 931ஐ நினைவூட்டி 'தூண்டிற்பொன்' என்றார். அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. அந்தக் குறளில் பொன் என்பது இரும்பு முள், இரை அதை மறைத்திருக்கிறது, மீன் இரை என்று நினைத்து இரும்பை விழுங்குகிறது. நாம் பேசுகிற பொருளில் இரை என்று தனியாக ஒன்று கிடையாது. முள்ளையே இரையாக்கிவிடுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் இந்த வேலையை 'ஃபிளை டிரெஸ்ஸிங்' என்று சொல்வார்கள், முள்ளுக்கு உடுத்திவிடுகிற மாதிரி. அமெரிக்காவில் அதையே 'டையிங்', அதாவது கட்டுதல் என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இது ஏதோ நேற்று வந்த சரக்கும் இல்லை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் (வேற்றுக்கிரகவாசி இல்லை, பேரே அதுதான்) மாசிடோனியாவில் ஆஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் புள்ளி மீன் பிடிக்கிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே ஒரு பூச்சி நீர்மேல் பறக்கும், மீன் அடியிலிருந்து வந்து அதைக் கவ்வும். அந்தப் பூச்சியையே பிடித்து முள்ளில் குத்தலாமே என்றால், மனிதக் கை பட்டதும் அதன் நிறம் போய் இறக்கை வாடிவிடுமாம். அதனால் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே இருக்கும் மெழுகு நிற இறகு இரண்டை வைத்துக் கட்டினார்கள். முள், நூல், சேவல் இறகு என்ற அந்தக் கூட்டணி இன்றும் அப்படியே இருக்கிறது. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு வகைக்குச் செய்முறை கொடுத்திருக்கிறார்கள், அதிலும் கம்பளியும் இறகும்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஜப்பானியர்கள் இதற்கு ஈ என்றே சொல்வதில்லை. அவர்களுடைய 'கெபாரி'யில் கெ என்றால் மயிர், இறகு; பாரி என்றால் முள். மலையோடைகளில் டென்காரா என்று சுருள்சக்கரம் (ரீல்) இல்லாத கோலும் நூலும் வைத்து மீன் பிடிப்பார்களே, அதற்குக் கட்டும் கெபாரி பலவற்றில் இறகு முன்பக்கமாகக் குடை திரும்பியது போல வளைந்திருக்கும், எந்தப் பூச்சியின் சாயலும் அதில் இருக்காது. மீன் அதையும் கடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு 'இறகுமுள்' என்று நானே ஒரு மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீட்டில் படித்துக் காட்டினால், "இறகின் நடுத்தண்டா?" என்று கேட்டார்கள். போச்சு. முள் என்றால் மீன்முள்ளும் நினைவுக்கு வரும். போதாததற்கு இறகே இல்லாமல் செயற்கை இழையை மட்டும் வைத்துக் கட்டுவதும் இப்போது நிறைய.

ஆக, எல்லா வகைக்கும் பொதுவாக மிஞ்சுவது என்ன? நூலால் சுற்றிக் கட்டுவது ஒன்று. கனமே இல்லாதது இன்னொன்று. இந்த இரண்டாவது விஷயம் இழையில் யாருமே தொடாதது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு (தூண்டில் இழை) அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இதில் தலைகீழ். கட்டிய பொருளுக்கு எடை இல்லாததால் வீசுகிற கயிறே கனமாக இருக்கவேண்டும். கடைகளில் ஐந்தாம் எண் கயிறு என்று விற்பதன் முதல் முப்பது அடி 140 கிரெய்ன், நம் கணக்கில் 9 கிராம். அந்தக் கயிறு காற்றில் வளைந்து விரிந்து தன் நுனியில் இருக்கும் பூச்சியைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மின்னும் தகடு, மரக்கட்டை மீன் எல்லாம் போலி இரைதான், ஆனால் அவை தங்கள் கனத்தால் தாங்களே பறக்கும். அதனால் 'லூர்' என்ற பெரிய குடும்பத்துக்குப் 'பொய்யிரை' (பொய்க்கால் குதிரை இருக்கும்போது பொய்யிரைக்கு என்ன குறை), அதற்குள் ஒரு வகையாக நூலால் கட்டியதற்குக் கட்டிரை. என் முன்மொழிவு இதுதான்.

ஏன் 'கட்டு' என்று பிடிவாதம்? நான் இங்கே இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன். பதினாலாம் எண் முள்ளை ஒரு சின்ன வைஸில் பிடிக்கவைத்து (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியைப் பட்டறைக்காரர்கள் வைஸ் என்றே சொல்கிறார்கள், விட்டுவிடுவோம்), பாபினில் இருந்து நூலை இறக்கித் தண்டின் மேல் நெருக்கமாகச் சுற்றவேண்டும். இழுப்பு குறைந்தால் எல்லாம் உருண்டுபோகும், கூடினால் நூல் பட்டென்று அறுந்து அதுவரை கட்டியது முழுக்கப் பிரிந்துவிடும். முதல் மூன்று வாரம் என் கட்டிரை ஒவ்வொன்றிலும் ஒரே பிழை: வால், உடல், இறக்கை எல்லாவற்றையும் ஆசையாக வைத்துவிட்டு முன்னால் வந்தால் தலைக்கு இடமே இருக்காது, நரம்பு கோக்கிற ஓட்டையையும் சேர்த்து மூடியிருப்பேன். சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒவ்வொரு முறையும் "கண்ணை மறைத்துவிட்டாய்" என்பார். எனக்கு அது மனதில் ஏறவே இல்லை. ஒருநாள் ஊசிக்கு இருப்பது காதுதானே, காதற்ற ஊசி என்றுதானே பட்டினத்தாரும் பாடினார் என்று தோன்றியது. முள்ளின் காதை அடைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகு பிழை குறைந்தது. ஆகவே 'ஹுக் ஐ' என்பதற்குக் கண் வேண்டாம், காது.

கை ஓரளவு பழகிய பிறகு கவனித்தேன், வலது கை நூலைப் பிடித்துச் சுற்ற, இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறகை நழுவாமல் அழுத்திக்கொண்டு, கடைசியில் விரலாலேயே ஒரு சுருக்கைப் போட்டு இழுப்பது அம்மா பூக்கட்டுகிற அதே அசைவு. வாழைநாருக்குப் பதில் நூல், மல்லிகைக்குப் பதில் இறகு. பூக்கட்டுகிறவரிடம் போய் மலர் வடிவமைப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'ஃபிளை டிசைன்' என்று புத்தகங்களில் வருவதற்கும் 'கட்டுமுறை' போதும்.

இதே வழியில் போனால் மற்றச் சொற்களும் தாமாக விழுகின்றன. 'டிரை ஃபிளை'யில் உலர்வது முக்கியமே இல்லை, நீர்மேல் நிற்பதுதான் முக்கியம். ஹால்ஃபர்டு என்ற ஆங்கிலேயத் தூண்டில்காரர் 1886இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'மிதக்கும் ஃபிளை' என்றுதான் இருக்கிறது. ஆகவே மிதக்கும் கட்டிரை, மூழ்கும் கட்டிரை. 'டப்பிங்' என்பது மெழுகு தடவிய நூலில் மயிரை வைத்து விரலால் உருட்டுவது, அதற்குத் திரித்தல், விளக்குத் திரி திரிக்கிறோமே அதே. 'நிம்ஃப்' இளம்பூச்சி. ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் ஃபெசன்ட் கோழியின் வால் இறகைச் சுற்றி ஓர் இளம்பூச்சி கட்டினார், கம்பிதான் அதற்குக் கட்டு, கம்பிதான் அதற்குக் கனம். கால்கூட வைக்கவில்லை. நீந்தும்போது பூச்சி காலை ஒடுக்கிக்கொள்ளும் என்று கவனித்திருந்தார். கனமே இல்லாதது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு என்று யாராவது மடல் போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன், வீசுவதற்கு இந்தக் கம்பியின் கனம் எந்த மூலைக்கும் போதாது.

'ஹேக்கிள்'தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பட்டியலில் 'கழுத்து இறகு' என்றிருக்கிறது. பிடுங்கிய இறகுக்கு அது சரி, அதைத் தண்டைச் சுற்றி வளைத்தபின் இழைகள் நாலா பக்கமும் விறைத்து நின்று நீர்மேல் தாங்குகிறதே, அந்த நிலைக்கு என்ன சொல்வது? சண்டைச் சேவல் எதிரியைப் பார்த்ததும் கழுத்து இறகு எழுந்து நிற்பதைச் சிலிர்ப்பது என்போம். ஆகவே சிலிர்ப்பு. நான்கு சுற்றுச் சிலிர்ப்பு, பின்சிலிர்ப்பு, சிலிர்ப்பில்லாக் கட்டிரை எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது.

சேவல் என்றதும் ஒன்று. ஸ்காட்லாந்தின் சால்மன் கட்டிரைகளில் கண் போல ஒட்டவைக்கும் மெழுகுப் பொட்டு போன்ற இறகு இருக்கிறது, 'ஜங்கிள் காக்' என்பார்கள். அது நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே கோழி. விக்டோரியா காலத்தில் ஏராளமாகக் கப்பலேறியது. இன்று 1972 வனவிலங்குச் சட்டப்படி இந்தியாவில் அந்தப் பறவையைத் தொடமுடியாது, வெளிநாட்டில் கூண்டில் வளர்த்து இறகெடுக்கிறார்கள். இந்த மோகம் எதுவரை போகும் என்றால், 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடு போனதே கட்டிரைக்காகத்தான்.

'ஹேட்ச்' என்பதற்குப் 'பொரிப்பு' போட்டிருக்கிறீர்கள், அது பிழை. முட்டை பொரிவதை யாரும் ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதில்லை. ஆற்றடியில் மாதக்கணக்கில் கிடந்த இளம்பூச்சிகள் ஒரே மாலையில் மேலே வந்து தோலுரித்துச் சிறகோடு எழுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்புகிறது என்று சொல்கிற வாய்க்கு 'கிளம்பல்' வராதா?

ஒரே ஒரு சங்கடம். கட்டிரைக்கும் கட்டுரைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், என் கணினியே இந்த மடலில் ஒன்பது முறை திருத்தப் பார்த்தது. 'கட்டிரை பற்றிய கட்டுரை' என்று தலைப்பு வைத்தால் மெய்ப்புப் பார்ப்பவர் பாவம். இருந்தாலும் ஈர ஈக்கு இது தேவலாம்.

கடைசியாக, நீலகிரிக்காரர் யாராவது குழுவில் இருந்தால் ஓர் உதவி. அவலாஞ்சியில் 1907இலேயே டிரவுட் குஞ்சு வளர்க்கும் பண்ணை வந்துவிட்டது. துரைமார்களோடு ஓடைக்குப் போய்க் கோலையும் பையையும் சுமந்தவர்கள் நம்மவர்கள்தானே, அந்தப் பெட்டிக்குள் இருந்த இறகுச் சாமானை அவர்கள் ஏதாவது பெயர் சொல்லித்தானே எடுத்துக் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் கிடைத்துவிட்டால் கட்டிரையை நானே எடுத்துக் குப்பையில் போடுகிறேன்.