வானிலை ஏபிஐ (நம்ம புரோகிராம் வானிலைத் தகவலைக் கேட்டு வாங்குற இணையச் சேவை): இலவசத்துல எது நம்பகம்?

மழைக்கோடு: 40 ஊருக்கு வெப்பநிலை, மழை, காற்று காட்டுற சின்னப் பக்கம். பட்ஜெட் பூஜ்யம். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்டேட் ஆனா போதும். ஓப்பன்-மீட்டியோ, ஓப்பன்வெதர்மேப், மெட் நார்வே: மூணுல எது? ஓப்பன்வெதர்மேப் புதுக் கீ (அனுமதிச் சாவி) போட்டதும் 401 (அனுமதி இல்லைங்கிற பிழை) வருது, ஏன்?

நள்ளிரவு_கோடர்: புதுக் கீ உயிர்பெற ஓரிரு மணி நேரம் ஆகலாம். அப்புறமும் 401-ன்னா, அவங்களோட இன்னொரு சேவையான ஒன்கால் 3.0-ஐக் கூப்பிடுறீங்களான்னு பாருங்க. அதுக்குத் தனிச் சந்தா எடுக்கணும், கார்டும் கேக்கும். அழைப்புல யூனிட்ஸ்=மெட்ரிக் (செல்சியஸ்ல கேக்குறது) போடாட்டி மதுரைக்கு 308 டிகிரி காட்டும், கெல்வின்!

எடுத்ததும் ஓடணும்னா ஓப்பன்-மீட்டியோதான். கீயே வேண்டாம். 40 ஊர் × நாளுக்கு 96 தடவை = 3,840 அழைப்பு; இலவச வரம்பு நாளுக்கு 10,000. ஆனா ஒரே அழைப்புல 10 மாறிக்கு (வெப்பநிலை, மழை மாதிரி அளவு) மேல கேட்டா அது ஒண்ணுக்கு மேலயே கணக்காகும்.

வெயில்மானி: ஓப்பன்-மீட்டியோல டைம்ஸோன்=ஏசியா/கொல்கத்தா கட்டாயம் போடுங்க. விட்டா ஜிஎம்டி (நம்ம நேரத்துக்கு 5:30 மணி பின்னால). அப்போ ஒரு "நாள்" காலை 5:30-க்குத்தான் தொடங்கும். விடியற்காலை 3 மணிக்குக் கொட்டின மழை முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துக்கும்.

மழைக்கோடு: நன்றிங்க. பின்னால கூகுள் விளம்பரம் வைக்கிற எண்ணம் இருக்கு. பரவாயில்லையா?

நள்ளிரவு_கோடர்: அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! ஓப்பன்-மீட்டியோ இலவசம் வணிகமில்லாப் பயன்பாட்டுக்கு மட்டும். விளம்பரம் வச்சா வணிகம்தான்.

வெயில்மானி: அப்போ மெட் நார்வே. மூலத்தைக் குறிப்பிட்டா வணிகத்துக்கும் ஓகே, கீ கிடையாது. ஆனா கறாரான ஆளுங்க. யூசர்-ஏஜென்ட்ல (கேக்குறது யாருன்னு சொல்ற ஹெடர், அதாவது அழைப்போட போற குறிப்பு) தளத்தோட பேரும் தொடர்பு மெயிலும் இல்லேன்னா 403 (மறுப்பு). அட்சரேகை, தீர்க்கரேகையை 4 தசமத்தோட வெட்டுங்க. அதுவே சுமார் 11 மீட்டர் துல்லியம், மழைக்கு அதுக்கு மேல எதுக்கு?

15 நிமிஷக் கணக்கை மறந்துடுங்க. பதில்ல வர்ற எக்ஸ்பயர்ஸ் (காலாவதி) நேரம் தாண்டினப்புறம்தான் மறுபடி கேக்கணும், இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடரோட ("மாறியிருந்தா மட்டும் கொடு"ன்னு அர்த்தம்). 304 (எதுவும் மாறலை) வந்தா பழைய டேட்டாவே போதும். 40 ஊரையும் ஒரே நொடியில அடிக்காம கொஞ்சம் பரவலா விடுங்க.

மெட் நார்வேல காற்று வேகம் மீட்டர்/நொடி, கிமீ/மணிக்கு 3.6-ஆல பெருக்கணும். ஓப்பன்-மீட்டியோவுக்கு எழுதின கோடை அப்படியே மாத்தினா இங்கதான் இடிக்கும், அது கிமீ/மணியிலயே தரும். மெட் நார்வே தர்ற நேரமும் யூடிசி (உலகப் பொது நேரம்), 5:30 கூட்டிக்கோங்க.

நள்ளிரவு_கோடர்: எதை எடுத்தாலும் உலாவியிலிருந்து நேரா கூப்பிடாதீங்க. உங்க சர்வர்ல க்ரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) வச்சு, வந்த டேட்டாவை ஒரு ஜேசன் ஃபைல்ல (டேட்டா சேமிக்கிற ஒரு வடிவம்) எழுதுங்க. அழைப்பு தோத்தா ஃபைலைத் தொடாம, பழைய எண்ணோட "காலை 10:15 நிலவரம்"னு நேரம் போடுங்க.