காப்பி மிஷின் ஹாப்பரைச் சின்னதாக்க வழி உண்டா?

அஸ்தம்பட்டி_டிகாஷன்:
வணக்கம். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். காலையில் 20 கிராம் கொட்டை, மாலையில் 15 கிராம். மகள் வாங்கித் தந்த அரைக்கும் மிஷின் பர் வகை, அதாவது பல் வைத்த இரண்டு வளையங்களுக்கு நடுவில் கொட்டையை அரைப்பது. அதன் ஹாப்பர், அதாவது மேலே கொட்டையைக் கொட்டிவைக்கும் கூடு, கால் கிலோ பிடிக்கிறது. அலமாரிக்கு அடியில் நுழையாததால் சமையல் மேடையில் பாதி இடம் அதற்கே போகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏற்காட்டிலிருந்து வாங்கிவரும் அரபிக்கா, பையைப் பிரித்த அன்றைக்குத் தெருவே மணக்கும். ஹாப்பரில் கொட்டிவைத்தால் சில நாளிலேயே அந்த மணம் காணாமல் போகிறது. நேற்று கழற்றிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, முகர்ந்தால் சிக்குப் பிடித்த கடலை எண்ணெய் வாடை. இதன் வழியாகத்தானே தினமும் புதுக்கொட்டை இறங்குகிறது என்று மனசே ஆறவில்லை.

அம்மா மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கைமிஷினில் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே அரைப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் ஹாப்பரைக் கழற்றினால் மிஷின் ஓட மறுக்கிறது. ஹாப்பரின் காலரில் (மிஷினில் பொருந்தும் அடி வளையத்தில்) உள்ள சின்ன நாக்கு ஒரு சுவிட்சை அழுத்தினால்தான் மோட்டார் சுற்றுகிறது. அந்த சுவிட்சை டேப் போட்டு அமுக்கிவிடலாமா?

சூரமங்கலம்_லேத்:
டேப் வேண்டாம் சார். ஹாப்பர் இல்லாதபோது பர் வரைக்கும் விரல் போகும் என்பதற்காகத்தான் அந்த சுவிட்சையே வைத்திருக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு உதிரி ஹாப்பர் கிடைத்தால் ஒன்று வாங்குங்கள். பழசு அப்படியே இருக்கட்டும், வாரண்டிக்கு ஆகும். உதிரியில் காலரையும் நாக்கையும் விட்டுவிட்டு, அதற்கு மேலே நைஸ் பல் ஹாக்சா பிளேடால் அறுங்கள். அந்தக் காலருக்குள் ஓர் எவர்சில்வர் டம்ளரை, அடியை வெட்டிவிட்டு இறக்கலாம். நம்ம டம்ளர் அடியில் குறுகி மேலே விரிவதால் தானாகவே இறுகி உட்காரும். உயரம் நாலு அங்குலமாவது வேண்டும், குழந்தை விரல் எட்டக் கூடாது. வெட்டிய விளிம்பில் பிசிறு இல்லாமல் அரம் போட்டு, கழுவிக் காயவைத்து அப்புறம் மாட்டுங்கள். ஓர் இரும்புத் துணுக்கு உள்ளே போனால் பர் பல்லே போய்விடும். பி.வி.சி. பைப்பை நறுக்கி மாட்டச் சொல்பவர்களும் உண்டு. சாப்பிடுகிற பொருளுக்கு அது வேண்டாம்.

நாகலூர்_மிளகுக்கொடி:
அண்ணா, கொஞ்சமாகப் போட்டு அரைக்கும்போது கடைசிக் கொட்டைகள் பொரி மாதிரி துள்ளும். மேலே அமுக்கும் கனம் இல்லாததுதான் காரணம். தூள் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக விழும். பீபெரி (ஒரு பழத்தில் ஒற்றையாக விளையும் கொட்டை) உருண்டை என்பதால் இன்னும் மோசம். டம்ளருக்குள் போகிற அளவில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொட்டைமேல் வையுங்கள். ஆனால் அது பரைத் தொடக் கூடாது, உள்விளிம்பில் தடுத்து நிற்க வேண்டும். அரைப்பையும் ஒரு படி நுணுக்க வேண்டி வரலாம். மீதிக் கொட்டை காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும். எங்கள் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் திறந்து வைத்த கொட்டை ஈரம் வாங்கிவிடும், இங்கே யாரும் வெளியில் விடுவதில்லை.

அஸ்தம்பட்டி_டிகாஷன்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. உதிரி ஹாப்பர் வர ஒன்பது நாள் ஆனது. செவ்வாய்ப்பேட்டையில் கெட்டியான டம்ளராகப் பார்த்து வாங்கி, பட்டறையில் அடியை வெட்டினேன். காலருக்கும் டம்ளருக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி இருந்தது, சிலிக்கான் வாஷர் ஒன்று சுற்றியதும் ஆட்டம் நின்றது. கிண்ணம் வைக்காமல் ஒருமுறை அரைத்துப் பார்த்தேன். தம்பி சொன்னபடியே துள்ளல், பில்டரில் டிகாஷன் மளமளவென்று இறங்கித் தண்ணியாக இருந்தது. கிண்ணம் வைத்து, இரண்டு படி நுணுக்கியதும் பழையபடி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தூள் ஓரத்தில் ஒட்டாமல் இருக்க, கொட்டையை ஈரக் கரண்டிக் காம்பால் ஒருமுறை கிளறிவிட்டுப் போடுகிறேன். இப்போது மிஷின் அலமாரிக்கு அடியிலேயே நிற்கிறது. இன்று காலை மனைவி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.