ஸ்குவோன் சிலந்தி பஞ்சத்தின் பிள்ளையா?

கரிசல்மேடு: "சர்வாதிகாரி போல் பாட் காலத்துப் பஞ்சத்துக்கு முன் கம்போடியாவில் சிலந்தியைத் தின்றவர் இல்லை" என்று தாழம்பூ அடித்துச் சொல்லியிருக்கிறார். என்ன சான்று? சிலந்தியை அரிசி மதுவில் ஊறப்போட்டு முதுகுவலிக்குக் குடிக்கிறார்களே, அதையும் பஞ்சம்தான் கற்றுக்கொடுத்ததா?

தாழம்பூ: கம்போடியாவின் ஸ்குவோன் ஊரில் தாம்பாளம் நிறையச் சிலந்தியோடு பஸ்ஸை நோக்கி ஓடிவரும் பெண்களைக் கேளுங்கள். 1975 முதல் 1979 வரை சோறில்லாமல் தின்ற கதையைச் சொல்வார்கள்.

கரிசல்மேடு: தின்றதை நான் மறுக்கவில்லை. அப்போதுதான் தொடங்கினார்கள் என்பதைத்தான் மறுக்கிறேன். வளை எங்கே இருக்கும், குச்சியை விட்டு எப்படி இழுப்பது, நச்சுப் பல்லை எப்படிக் கிள்ளுவது, இத்தனையும் வயிறு காய்ந்தவனுக்கு ஒரே நாளில் வந்துவிட்டதா?

தாழம்பூ: வரும். பசித்துப் பார்த்தால் தெரியும்.

வடகரை: சிலந்தி பூச்சியே அல்ல, தேளின் உறவு. முதலில் அதைத் தெளிவுபடுத்தலாமே?

கரிசல்மேடு: வகுப்பை வேறெங்காவது நடத்துங்கள். போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் தனியாக இரை தேடியவனுக்கே தண்டனை. அந்தக் காலத்தில் பூண்டும் உப்பும் சர்க்கரையும் போட்டுப் பொரித்தார்களாம்!

தாழம்பூ: பொரித்ததாக நான் எங்கே சொன்னேன்? ஒளித்துச் சுட்டிருப்பார்கள்.

நெய்தல்: நான் அங்கே ஒன்றைத் தின்றேன். கால் மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. வயிற்றைக் கடித்ததும் பழுப்புக் கூழ் நாக்கில் இறங்கியது, துப்பிவிட்டேன். நீங்கள் இருவரும் தொட்டதாவது உண்டா?

தாழம்பூ: 2013இல் அமெரிக்கா மிமொலெட் பாலாடைக்கட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்தியபோது இதே கரிசல்மேடு கைதட்டினார். மேல்தோலில் சிற்றுண்ணி ஊர்கிறதாம், குமட்டுகிறதாம். பிரெஞ்சுக்காரர் தின்றால் குமட்டல், கம்போடியாவின் கெமர் மக்கள் தின்றால் பாரம்பரியமோ?

கரிசல்மேடு: பேச்சை மாற்றாதீர்கள். ஜெர்மனியில் வுர்ஷ்விட்ஸ் என்ற ஊரில் பாலாடைக்கட்டியைச் சிற்றுண்ணியைக் கொண்டே பக்குவப்படுத்தி, அதோடு சேர்த்தே தின்கிறார்கள். அந்தச் சிற்றுண்ணிக்கு நினைவுச் சின்னம் வேறு! அங்கே எந்தப் பஞ்சம்? வெனிசுவேலாவில் பியாரோவா மக்கள் கோலியாத் சிலந்தியைச் சுட்டுத் தின்கிறார்கள். அங்கும் போல் பாட்தான் போனாரா?

தாழம்பூ: கம்போடியாவைக் கேட்டால் ஜெர்மனிக்கு ஓடுகிறீர்கள். மிமொலெட் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

கரிசல்மேடு: காணாமல் போகவில்லை. உங்களுக்குப் பதில் சொல்வது வீண் என்று விட்டேன். 1975க்கு முன் தின்றதில்லை என்பதற்குச் சான்று எங்கே?

தாழம்பூ: இருந்தது என்பவர்தான் காட்ட வேண்டும்.

வடகரை: சிலந்திக்கு இவ்வளவு முகஞ்சுளிப்பவர்கள் நண்டு ரசத்துக்கு மட்டும் முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டுவீர்கள்.

கரிசல்மேடு: முகஞ்சுளித்தது நானா, அவரா? படித்துவிட்டு எழுதுங்கள். நண்டைப் பற்றித் தனியே கணக்குத் தீர்க்கிறேன்.