‘புரொவிஷன்’: ஏற்பாடா, ஒதுக்கமா, தோதா?

வணக்கம்.

வணிகக் குத்தகைப் பத்திரங்களிலும் கட்டுமான ஒப்பந்தங்களிலும் வரும் ‘மெக்கானிக்கல் அண்ட் எலக்ட்ரிக்கல் புரொவிஷன்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை உங்களில் மூவரிடமிருந்து ‘இயந்திர, மின் ஏற்பாடுகள்’, ‘இயந்திரவியல், மின்னியல் வகைமுறைகள்’, ‘பொறிமின் ஒதுக்கீடுகள்’ என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் தமிழ் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் மூன்று வேறு பொருளை மனத்தில் வைத்துச் சொல் தந்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத் தளத்தின் குத்தகைப் பத்திரத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: ‘தளத்தில் குளிர்சாதன ஏற்பாடு உரிமையாளரால் செய்து தரப்படும்.’ மூலத்தில் இருந்தது ‘புரொவிஷன்’. அகராதியில் ஏற்பாடு என்றிருந்தது, எழுதிவிட்டேன். தளத்தை ஒப்படைத்த நாளில் நானும் கூட இருந்தேன். வாடகைதாரர் அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று சுற்றி வந்தார். மேலே ஒன்றும் தொங்கவில்லை. மூலைத் தூணை ஒட்டி, காப்புறை சுற்றிய இரண்டு குழாய்கள் சுவரிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன. குளிர்நீர் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, நுனியில் மூடி, மூடியில் கம்பியால் கட்டிய ஓர் அட்டை. உரிமையாளர் தரப்புப் பொறியாளர் அதைக் காட்டி, ‘ஏசிக்குப் புரொவிஷன் விட்டிருக்கோம் சார்’ என்றார். வாடகைதாரர் கையிலிருந்த தமிழ்ப் பத்திரத்தைக் காட்டி, ‘ஏற்பாடு செய்து தரப்படும்னு போட்டிருக்கே, ஏசி எங்கே?’ என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். தவறு என் சொல்லில் இருந்தது. காற்றைக் குளிர்விக்கும் கருவிகளை யார் வாங்குவது என்று பேசி முடிப்பதற்குள் அவர் அலுவலகம் திறக்கும் தேதி தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ‘ஏற்பாடு’ என்ற சொல்லை இந்த இடத்தில் என்னால் நம்பிப் போட முடிவதில்லை.

சரி, மூன்று பொருள் எவை?

ஒன்று, பத்திரத்தில் எழுதிய நிபந்தனை. ‘தி புரொவிஷன்ஸ் ஆஃப் திஸ் லீஸ்’ என்னும்போது சொல்வது இதை. இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. தமிழகச் சட்டத் தமிழில் வகைமுறை என்றும், இலங்கைச் சட்டத் தமிழில் ஏற்பாடு என்றும் புழங்குகிறது, பேச்சில் ஷரத்து. எது வந்தாலும் படிப்பவர் இது எழுத்தில் உள்ளது என்று புரிந்துகொள்வார்.

இரண்டாவது பணம். ஒப்பந்தம் போடும்போது ஒரு வேலையின் அளவோ வகையோ முடிவாகியிருக்காது. மின்தூக்கி எந்த மாதிரி, தீயணைப்புக் குழாய் எத்தனை கிளை என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். அதற்காக ஒப்பந்த விலைக்குள் ஒரு தொகையைப் போட்டு வைப்பார்கள். அது ‘புரொவிஷனல் சம்’. இதைத் ‘தற்காலிகத் தொகை’ என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தற்காலிகம் என்றால் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போவது. இந்தத் தொகை அப்படிப் போவதில்லை. முழுதாகவோ பகுதியாகவோ செலவாகும், அல்லது செலவாகாமலே கழிக்கப்படும். ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட 1999ஆம் ஆண்டு கட்டுமான ஒப்பந்தப் படிவத்தில் 13.5ஆம் உட்பிரிவு, பொறியாளர் அறிவுறுத்தினால்தான் இதைத் தொடலாம் என்கிறது. ஒப்பந்தக்காரர் தன் பணமாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். ஆகவே ‘உத்தேச ஒதுக்கம்’ என்பது என் பரிந்துரை. உத்தேசம் என்ற சொல் எல்லா மதிப்பீட்டுத் தாளிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒதுக்கம் என்னும்போது எடுத்து வைத்த பணம் என்பதும் விளங்கும். ‘பொறிமின் ஒதுக்கீடு’ தந்த நண்பர் இந்தப் பொருளைத்தான் நினைத்திருப்பார் என்று எண்ணுகிறேன். ஒதுக்கீடு என்றவுடன் இடஒதுக்கீடு நினைவுக்கு வருவதால் ஒதுக்கம் என்று சுருக்கினேன்.

மூன்றாவதுதான் அந்த மூடி போட்ட குழாய். இதற்குத்தான் சொல் இல்லை.

இது என்ன பொருள் என்று நிதானமாகப் பாருங்கள். பின்னால் வரப்போகும் ஒரு சாதனத்துக்காகக் கட்டடத்தில் இப்போதே செய்து வைப்பது. தளத்தை வார்க்கும்போதே விட்ட துளை. துளைக்குள் செருகிய உறைகுழாய். மின்பகிர்வுப் பெட்டியில் சுவிட்ச் மாட்டாமல் விட்ட நாலு காலி இடம். சுவருக்குள் புதைத்த வெறும் குழாய். உள்ளே வயர் கிடையாது, பிறகு வயரை இழுக்க ஒரு கம்பி மட்டும் கிடக்கும். மொட்டைமாடியில் பின்னால் ஒரு பெரிய இயந்திரம் வரும் என்று கணக்கிட்டுக் கூடுதலாகப் போட்ட உத்திரம். இந்தக் கடைசி வகையைக் கண்ணால் பார்க்கவே முடியாது. உத்திரம் உத்திரமாகத்தான் தெரியும். அதற்குள் ஒளிந்திருக்கும் தாங்குவலிமை வரைபடத்தில் மட்டும் இருக்கும். மின்சுமையும் அப்படியே. கட்டடத்துக்கு வாங்கிய மொத்தச் சுமையில் இந்தத் தளத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருப்பார்கள், ஆனால் கம்பியைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

ஆக, இடம், துளை, குழாய், வலிமை, சுமை இவ்வளவையும் ஒரே சொல் தாங்க வேண்டும். சாதனம் இதில் சேராது என்பதும் சொல்லிலேயே ஒலிக்க வேண்டும். ‘முன்னேற்பாடு’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அதைக் கேட்டதும் செயல்தான் நினைவுக்கு வருகிறது, சுவரில் இருக்கும் பொருள் வருவதில்லை. ‘இரண்டு அங்குல முன்னேற்பாடு’ என்று எழுதிப் பாருங்கள், நிற்காது. வேலையிடத்தில் சொல்லும் வினை ‘விடு’ என்பதால் ‘முன்விடுப்பு’ என்று நானே ஒரு வரைவில் போட்டுப் பார்த்தேன். படித்துக் காட்டியவர்கள் எல்லாரும் யாருக்கு விடுமுறை என்று கேட்டார்கள். கைவிட்டுவிட்டேன். ‘விட்டுவைப்பு’ என்பதிலும் கொல்லாமல் விட்டுவைத்த சாயல் வந்துவிடுகிறது.

நான் முன்வைக்கும் சொல் தோது.

‘பின்னாடி மாட்டிக்கிற மாதிரி தோதா விட்டு வை’ என்று மின்பணியாளர் தன் உதவியாளரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தச்சரும் சொல்வார், குழாய் வேலை செய்பவரும் சொல்வார். தோது என்றால் வசதி, ஏற்ற நிலை. ஒன்று வந்து பொருந்துவதற்கு இன்னொன்று தயாராக இருப்பது. வரப்போவது இன்னும் வரவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

கூட்டுச்சொல்லாகவும் நன்றாக வளைகிறது: மின்தோது, குளிர்நீர்த் தோது, வடிகால் தோது, காற்றுவழித் தோது, சுமைத் தோது. வினையோடு சேர்த்தால் ‘தோது விடப்பட்டுள்ளது’. எண்ணினால் ‘தளத்துக்கு 4 குளிர்நீர்த் தோதுகள்’. ‘இரண்டு அங்குல வடிகால் தோது’ என்றாலும் உறுத்தவில்லை.

இது பேச்சுச்சொல், பத்திரத்தில் ஏறுமா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்குக் கனம் தருவது அதன் வரையறைப் பிரிவு. பேச்சில் ‘தோது’ கொஞ்சம் தளர்வான சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை வரையறையில் இறுக்கிக்கொள்ளலாம். நான் எழுதிப் பார்த்தது இது:

‘தோது என்பது, பின்னர் பொருத்தப்படக்கூடிய ஒரு சாதனத்துக்காகக் கட்டடத்தில் விட்டுவைக்கப்பட்ட இடம், துளை, உறைகுழாய், மூடியிட்ட குழாய்முனை, வெற்று மின்குழாய், மின்சுமை அல்லது தாங்குவலிமை ஆகும். அந்தச் சாதனமும் அதைத் தோதுடன் இணைக்கும் வேலையும் தோதில் அடங்கா.’

கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். அன்றைக்கு அந்தப் பத்திரத்தில் இது இருந்திருந்தால் மூலைத் தூண் அருகே அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

குத்தகை முடியும்போதும் இந்தப் பிரிவினை கைகொடுக்கும். வாடகைதாரர் மாட்டியதைக் கழற்றிப் போகலாமா என்பது பழைய வழக்கு. 1872இல் ஹாலண்ட் எதிர் ஹாட்சன் என்ற இங்கிலாந்து வழக்கில், ஆலைத் தரையில் ஆணியடித்துப் பொருத்திய தறிகள் கட்டடத்தைச் சேர்ந்தவையா என்ற கேள்வி வந்தது. எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறது, எந்த நோக்கத்தில் பொருத்தியிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி பிளாக்பர்ன். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள் மதிலாக நின்றால் நிலத்தோடு சேரும், அதே கற்களைக் கட்டுமானக்காரர் தன் முற்றத்தில் வசதிக்காக அடுக்கி வைத்திருந்தால் சேராது என்று ஓர் எடுத்துக்காட்டும் தந்தார். தறிகள் கட்டடத்தைச் சேர்ந்தவை என்றே தீர்ப்பானது. இவ்வளவு நுணுக்கமான கேள்வியை நம் பத்திரத்தில் பாதியாவது தவிர்க்க முடியும்: தோது கட்டடத்தோடு நிற்கும், சாதனம் வாடகைதாரரோடு போகும், போகும்போது தோதை மூடியிட்டுப் பழையபடி விட வேண்டும். இப்படி எழுதத் தனித்தனிச் சொல் இருந்தால்தான் முடியும்.

தோதுக்குப் பக்கத்தில் வரும் அளவுகளிலும் எச்சரிக்கை வேண்டும். ‘மாடியில் 20 டன் குளிர்சாதனத் தோது’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். எடையா, குளிர்விக்கும் திறனா? குளிர்சாதனத் துறையில் ஒரு டன் என்பது 2000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பம். இன்றைய அலகில் சுமார் 3.517 கிலோவாட். அந்தக் கணக்கில் 20 டன் என்பது ஏறக்குறைய 70 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். அந்த இயந்திரத்தின் எடைக்கும் இந்த எண்ணுக்கும் உறவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் ஒரு பொருளில் படித்து, குளிர்சாதனப் பொறியாளர் இன்னொரு பொருளில் எழுதினால் உத்திரத்தின் கணக்கே மாறிவிடும். திறனைக் ‘குளிர்டன்’ என்றும் எடையை வெறும் டன் என்றும் எழுதலாம்.

மின்தோதுக்கும் கிலோவாட்டா, கேவிஏவா என்று சொல்லியாக வேண்டும். கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) என்பது மொத்தத் திறன், அதில் உண்மையில் வேலை செய்யும் பங்குதான் திறன்காரணி. அது 0.8 என்றால் 100 கேவிஏவில் கிடைப்பது 80 கிலோவாட்தான். கூடவே, பொருத்திய எல்லாச் சாதனங்களின் கூட்டுத்தொகையா, ஒரே நேரத்தில் ஏறும் உச்சத் தேவையா என்பதும். முன்னதை ‘இணைசுமை’ என்றும் பின்னதை ‘உச்சத் தேவை’ என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் புரியும் சொற்கள்தான்.

அப்புறம், ‘மெக்கானிக்கல்’ என்பதற்கு ‘இயந்திரவியல்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது படிப்பின் பெயர். கட்டடத்தில் இருப்பது இயந்திரங்களும் குழாய்களும். ‘இயந்திர, மின் அமைப்புகள்’ போதும். வடிகால் குழாய் இயந்திரமா என்று கேட்கலாம். வரையறையில் காற்று, நீர், தீயணைப்பு, மின்தூக்கி எல்லாவற்றையும் பட்டியலிட்டுவிட்டால் தீர்ந்தது.

இன்னும் ஒரு சொல் பாக்கி: ‘பிளான்ட்’. ‘பிளான்ட் ரூம்’ என்பதை ‘ஆலை அறை’ என்று எழுதிய வரைபடத்தைக் கண்டிருக்கிறேன். ஃபிடிக்கின் 1999 படிவங்களில் ‘பிளான்ட்’ என்பது நிலையான கட்டுமானத்தின் பகுதியாகப் போகும் இயந்திரங்களைக் குறிக்கும். ஒப்பந்தக்காரர் வேலைக்குக் கொண்டுவந்து வேலை முடிந்ததும் எடுத்துப் போகும் பாரந்தூக்கி, கலவை இயந்திரம் போன்றவை வேறு வகை. தமிழில் இரண்டுமே ‘இயந்திரம்’ அல்லது ‘உபகரணம்’ ஆகிவிடுகின்றன. யார் காப்பீடு செய்வது, உரிமை எப்போது மாறுகிறது என்ற பிரிவுகள் குழம்புகின்றன. தங்குவதற்கு ‘நிலைப்பொறி’, போவதற்கு ‘வேலைக்கருவி’ என்று வைத்தால் என்ன? ‘பிளான்ட் ரூம்’ அப்போது ‘பொறியறை’. ‘தோது’ அளவுக்கு இதில் எனக்கு உறுதி இல்லை. இதைவிட நல்லது இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

கடைசியாக ஓர் உதவி. மேலே ‘உறைகுழாய்’ என்று எழுதியிருக்கிறேன், வேலையிடத்தில் எல்லாரும் ‘ஸ்லீவ்’ என்கிறார்கள். தளத்தைத் துளைத்துப் போகும் அந்தக் குழாயைப் பயன்படுத்தாமல் விட்டால், தீயும் புகையும் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகாதபடி அதை அடைத்து வைக்க வேண்டும். அந்த அடைப்புக்குத் ‘தீயடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் கொத்தனார்கள், குழாய்ப் பணியாளர்கள் சொல்லும் தமிழ்ச்சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த வரைவில் அதையே சேர்த்துக்கொள்கிறேன்.