மாடல் ரயில் லேஅவுட்டில் லெவல் கிராசிங் தானாக வேலை செய்ய என்ன வழி?

சூரமங்கலம்வாசி:
மொட்டைமாடி அறையில் ஹெச்ஓ அளவில், அதாவது 1:87, சேலம் – மேட்டூர் அணை பாதையின் சாயலில் சின்ன லேஅவுட் போட்டிருக்கிறேன். 12 வோல்ட் டிசி. ரயில் வந்தால் கேட் தானாக இறங்கி விளக்கு எரிய வேண்டும். ஐஆர் சென்சாரா (அகச்சிவப்பு ஒளியால் ரயிலை உணர்வது), ரீட் ஸ்விட்சா (காந்தம் அருகில் வந்தால் இணைவது)?

அடிவாரத்துக்காரன்:
ஐஆர் சுலபம், கிராசிங்குக்கு இரண்டு பக்கமும் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டை) இடுக்கில் மேல்நோக்கி வைத்தால் போதும். ஆனால் நேர் வெயில் விழுந்தால் ரயில் இல்லாமலே கேட் இறங்கும். வெயில் வரும் அறை என்றால் ரீட் ஸ்விட்ச்தான். எஞ்சினுக்கு அடியில் ஒரு காந்தம், கடைசிப் பெட்டியில் இன்னொன்று. அந்த இரண்டாவது இல்லையென்றால் பாதி ரயில் கடக்கும்போதே கேட் தூக்கிக்கொள்ளும்.

தறிமேடை:
அர்டுயினோ நானோவும் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) எஸ்ஜி90 சர்வோவும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) வாங்குங்கள். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து கிரவுண்டை மட்டும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேட் அசையும்போது போர்டு ரீசெட் ஆக வாய்ப்புண்டு. சிவப்பு எல்இடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சர்வோவை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தினால்தான் கேட் நிதானமாக இறங்கும், சும்மா விட்டால் படாரென்று விழும், பார்க்கச் சகிக்காது.

கேட்டடி:
வெளிநாட்டு கிட்டில் வரும் மாறி மாறி மின்னும் ஜோடி விளக்கு நம்மூர் கேட்டுக்கு ஒட்டாது. கட்டையில் கறுப்பு மஞ்சள் பட்டை அடித்து, நடுவில் சிவப்புத் தகடும் விளக்கும் வையுங்கள். இன்டர்லாக் செய்த, அதாவது சிக்னலோடு பிணைத்த கேட்டில், கேட் பூட்டிய பிறகே ரயிலுக்கு சிக்னல் கிடைக்கும். புரோகிராமிலும் அதே வரிசையை எழுதுங்கள்.

சூரமங்கலம்வாசி:
வெயில் நன்றாகவே விழுகிறது, சரி, ரீட்தான். பெட்டிகளை அடிக்கடி மாற்றுவேன், அப்போது காந்தம்?

அடிவாரத்துக்காரன்:
கார்டு வேனில் (ரயிலின் கார்டு இருக்கும் பெட்டி) ஒட்டிவிடுங்கள், அதை எப்போதும் கடைசியிலேயே மாட்டுங்கள்.