அங்கோர் ஒரே நாளில், தனி வழிகாட்டியோடு: வயதானவர்கள் உண்டு, எதை விடலாம்?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். பிப்ரவரியில் பாங்காக் வழியாக, அங்கோர் கோயில்களைப் பார்க்கக் கம்போடியாவின் சியாம் ரீப் போகிறோம். ஐந்து பேர்: நாங்கள் இருவர், அப்பா (70), அம்மா (66, முழங்கால் வலி உண்டு, மெதுவாகப் படி ஏறுவார்), மகள் (9). கோயில்களுக்கு என்று கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். கூட்டமாகப் பேருந்தில் போகும் சுற்றுலா வேண்டாம், தனி வழிகாட்டி வைத்துக்கொள்ள நினைக்கிறோம்.

1. வழிகாட்டி, வண்டி இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் நல்லதா, தனித்தனியாகப் பிடிப்பதா? மொத்தம் எவ்வளவு ஆகும்?
2. அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது? சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டுமா?
3. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்கு எல்லாரும் ஏற முடியுமா?

கற்றளி

முதலில் கணக்கு. உங்கள் செலவில் பெரிய பங்கு வழிகாட்டி அல்ல, நுழைவுச்சீட்டு. ஒரு நாள் சீட்டு தலைக்கு 37 டாலர், நான்கு பேருக்கு 148. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆங்கில வழிகாட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 35 முதல் 50 டாலர். விடியற்காலையில் தொடங்கினாலோ தொலைவான கோயில் சேர்ந்தாலோ கொஞ்சம் கூடும். வண்டி தனி.

வண்டியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். துக்துக்கில் நான்கு பேர் வசதியாக உட்காரலாம். நீங்கள் ஐந்து பேர், வழிகாட்டியோடு ஆறு. இரண்டு துக்துக் பிடித்தால் வழிகாட்டி ஒன்றில் இருப்பார், மற்றதில் இருப்பவர்களுக்கு ஒன்றும் காதில் விழாது. சாதாரண காரிலும் ஆறு பேர் கொள்ளாது. ஏசி மினிவேன் என்று தெளிவாகக் கேளுங்கள். முழங்கால் வலிக்கும் அதுவே நல்லது. இரண்டு கோயிலுக்கு நடுவே பத்து நிமிடம் குளிரில் காலை நீட்டி உட்கார்ந்தால் அடுத்த கோயிலுக்குத் தெம்பு வரும்.

பேக்கேஜா தனியா என்பது பெரிய விஷயமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் முக்கியம். சொன்ன விலை குழுவுக்கா, தலைக்கா? நுழைவுச்சீட்டு சேர்ந்ததா? (பெரும்பாலும் இருக்காது.) எத்தனை மணி நேரம்? கடை, பட்டறை எதிலும் நிறுத்தக் கூடாது, மதிய உணவு நாங்கள் சொல்லும் இடத்தில் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கமிஷன் கடையில் போகும் முக்கால் மணி நேரம் ஒரு நாள் பயணத்தில் ஒரு கோயிலின் நேரம்.

வண்டி ஓட்டுநர் நன்றாக ஆங்கிலம் பேசினாலும் கோயிலுக்குள் வந்து விளக்கம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. உரிமம் உள்ள வழிகாட்டிகள் சீருடைச் சட்டையும் அடையாள அட்டையும் அணிந்திருப்பார்கள்.

சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. ஊருக்குள் தனிச் சீட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரையும் படம் எடுத்து அச்சிட்டுத் தருவார்கள், அதனால் ஒருவருக்காக மற்றவர் போய் வாங்க முடியாது. மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாளுக்கு. இல்லையென்றால் சீட்டு விற்கும் அங்கோர் என்டர்பிரைஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்தில் படத்தை ஏற்றி வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு கோயிலிலும் சோதிப்பார்கள், பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல். வந்து இறங்கும் நாளின் மதியத்தைக் கோயில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிழல்தேடி

வரிசை பற்றி. உங்கள் குடும்பத்துக்கு நான் உதயத்தை விட்டுவிடுவேன். அதற்கு 4:30க்கு எழுந்து, இருட்டில் கற்பாதையில் நடந்து, குளக்கரையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பெரியவர்களின் கால் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு தா ப்ரோமில் சுவர்களைப் பற்றியிருக்கும் மர வேரைப் பார்ப்பார்களா, உட்கார இடம் தேடுவார்களா?

6:30க்கு விடுதியை விட்டுக் கிளம்புங்கள். அங்கோர் வாட்டின் மேற்கு வாசலில் அல்ல, கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மேற்கில் இறங்கினால் 190 மீட்டர் அகல அகழியைக் கடந்து, நுழைவு மண்டபம் தாண்டி, இன்னும் 350 மீட்டர் கல்பாவிய பாதை. எல்லாம் வெட்டவெளி. கிழக்கில் மரநிழலில் மண்பாதை, கூட்டமும் குறைவு. வண்டியும் அங்கேயே காத்திருக்கும்.

இதில் இன்னொரு லாபம். காலை வெயில் கிழக்குச் சுற்றில்தான் விழும். உள்ளே போய் இடப்பக்கம் திரும்பினால் எடுத்த எடுப்பிலேயே பாற்கடல் கடைதல், ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். வாசுகியின் தலைப்பக்கம் 92 அசுரர்கள், வால்பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், கீழே கூர்மம். அப்படியே தெற்குச் சுற்றுக்குத் திரும்பினால் சொர்க்க நரகங்கள்: எமன், சித்திரகுப்தன், 32 நரகங்கள். குழந்தைகள் நகராமல் நிற்கும் இடம் இது. அடுத்து, கோயிலைக் கட்டிய அரசன் சூரியவர்மனின் படை ஊர்வலம், பிறகு மேற்கில் குருட்சேத்திரம், அதைத் தாண்டி இலங்கைப் போர்.

இப்படிப் போனால் நம் வழக்கப்படி வலம் வருகிறோம். ஆனால் இந்தச் சிற்ப வரிசை இடமாகச் சுற்றுவதற்கு அமைக்கப்பட்டது. ஆகவே சூரியவர்மனின் படை நம்மை எதிர்கொண்டு வரும். வழிகாட்டி "தலைகீழாகப் போகிறோமே" என்று தயங்கினால், வெளிச்சத்துக்காகவும் நடைக்காகவும் என்று சொல்லிவிடுங்கள். கோயில் மேற்கு பார்த்திருப்பதையும் இந்த இடச்சுற்றையும் வைத்துத்தான் இது அரசனின் ஈமக் கோயிலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதை அவரிடம் கேளுங்கள், நல்ல வழிகாட்டி என்றால் முகம் மலர்ந்துவிடும்.

வடக்குச் சுற்றையும் கிழக்குச் சுற்றின் வடபாதியையும் தாராளமாக விடலாம். அவை 16ஆம் நூற்றாண்டில் முடிக்கப்பட்டவை. கிருஷ்ணன் பாணாசுரனை வெல்வது போன்ற காட்சிகள் உண்டு, ஆனால் உளியின் நுட்பம் இறங்கிவிட்டது தெரியும்.

இலங்கைப் போரில் அனுமன் தோளில் நிற்கும் ராமனையும், எதிரே பத்துத் தலை ராவணனையும் பார்த்துவிட்டு, மேற்கிலிருந்து உள்ளே ஏறி, இரண்டாம் தளம் கடந்து, கிழக்கே இறங்கி வண்டிக்கு வந்துவிடலாம். மொத்தம் மூன்று மணி நேரம்.

உச்சித் தளம் (பாக்கான்): 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, மகள் ஏற முடியாது. பழைய கல்படிமேல் கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள். அதுவும் செங்குத்துதான், ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அடிவாங்கும். அம்மா வேண்டாம். நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஏறுங்கள், மற்றவர்கள் இரண்டாம் தளத்தில் நிழலில் உட்கார்ந்து சுவரிலுள்ள தேவதை உருவங்களைப் பார்க்கட்டும். கொண்டை அலங்காரம் மட்டும் பார்த்தாலே நேரம் போய்விடும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லா உடைமேல் துப்பட்டா போர்த்தினால் ஏற்க மாட்டார்கள். வேட்டி, புடவை சிக்கலில்லை, ஆனால் மரப்படியில் புடவைக் கொசுவம் காலில் மாட்டும்.

முக்கியமாக, பௌத்த விரத நாள்களில் பாக்கான் மூடியிருக்கும். மாதம் நான்கு நாள், வளர்பிறை தேய்பிறை எட்டாம் நாள்களும் பௌர்ணமி, அமாவாசையும். நம் வீட்டுக் காலண்டரில் அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை பார்த்தாலே போதும். ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் வழிகாட்டியிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

10:30 வாக்கில் அங்கோர் தோம், பாயோன் இருக்கும் பழைய மதில் நகரம். தெற்கு வாசலில் இறங்கி, ஒருபுறம் 54 தேவர், மறுபுறம் 54 அசுரர் பாம்பை இழுக்கும் பாலத்தைப் பாருங்கள். காலையில் சுவரில் பார்த்த பாற்கடல் இங்கே முழு உருவில் நிற்கும். பாயோனில் மேலே ஏறாமல் வெளிச்சுற்றின் கிழக்கு, தெற்குச் சுவர்களை மட்டும் பார்த்தாலும் நிறைவு. சாம் (சம்பா நாட்டு) படையுடன் நீர்ப்போர், அதன் கீழே சந்தை, சமையல், சேவல் சண்டை. அங்கோர் வாட்டில் புராணம், இங்கே 12ஆம் நூற்றாண்டின் தெரு. பாயோன் கோபுரங்களில் செதுக்கிய பெரிய முகங்கள் கீழிருந்தே தெரியும்.

12 முதல் 2:30 வரை விடுதிக்குத் திரும்பிப் படுத்துவிடுங்கள். ஊர் ஆறேழு கிலோமீட்டர்தான். தனி வண்டி வைத்ததன் பலனே இதுதான். 3 மணிக்கு தா ப்ரோம். மரப்பலகை நடைபாதை இருப்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. மரங்களால் சீக்கிரம் இருட்டும், 4:30க்கு மேல் படம் சரிவராது.

உதயகிரி

நிழல்தேடி சொல்லும் வரிசை சரி, ஆனால் உதயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். தம்பதியில் ஒருவர் மட்டும் துக்துக்கில் 5 மணிக்குப் போய்விட்டு, 7 மணிக்குக் கிழக்கு வாசலில் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாமே. பிப்ரவரியில் உதயம் 6:25 சுமாருக்கு. அப்போது சூரியன் தென்கிழக்கில் எழுவதால் உள்பாதைக்கு இடப்பக்கமுள்ள வடக்குக் குளத்திலிருந்து பார்த்தால்தான் கோபுரங்களை ஒட்டி வரும். ஜூன் மாதம் என்றால் தெற்குக் குளம். மார்ச், செப்டம்பர் சம இரவு நாள்களையொட்டி மட்டுமே மேற்கு வாசல் நேர்கோட்டில் நடுக்கோபுர உச்சியில் சூரியன் நிற்கும். ஆண்டு முழுக்க அந்தப் படத்தைக் காட்டி விற்கிறார்கள், நம்பி வந்து ஏமாறாதீர்கள்.

மாலையில் அஸ்தமனம் பார்க்கப் பாக்கெங் மலை வேண்டாம். ஏற்றம், உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேர்தான், வரிசை. அதற்குப் பதில் 5 மணிக்கு அங்கோர் வாட் அகழியின் மேற்குக் கரையில் உட்காருங்கள். மேற்கு முகம் முழுக்கப் பொன்னிறமாகும். ஒரு படிகூட ஏற வேண்டாம்.

வைகைக்கரை

எல்லாருக்கும் மிக்க நன்றி. அஷ்டமி விஷயம் எங்குமே படித்ததில்லை, நாங்கள் போகும் நாள் சரியாக அமாவாசை! மாற்றிவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா பான்தெய் ஸ்ரே கோயில் கேட்கிறார், காரைக்கால் அம்மையார் சிற்பம் இருக்கிறதாமே? ஒரே நாளில் சேர்க்க முடியுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கற்றளி

அப்பா சொல்வது சரி. உட்பிராகாரத்தின் கிழக்குக் கோபுர முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறார், அவர் காலடியில் எலும்பும் தோலுமாய், தொங்கிய மார்போடு உட்கார்ந்திருப்பவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் கண்டிருக்கிறார்கள். கோயில் 967இல் குடமுழுக்குக் கண்டது. எழுப்பியவர் அரசரல்ல, யக்ஞவராகர் என்ற அரசகுரு. பல வழிகாட்டிகள் ராவணன் கயிலையை அசைப்பது, வாலி சுக்ரீவன் சண்டை இவற்றைக் காட்டிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். உயரத்தில் இருக்கிறது, சின்ன பைனாகுலர் உதவும்.

ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், வேனில் ஒரு மணி நேரம். சேர்ப்பதானால் பாயோனையோ தா ப்ரோமையோ விட வேண்டும். நான்கையும் அடித்துப் பிடித்துப் பார்த்தால் நாளைக்கு எது எந்தக் கோயில் என்றே நினைவிருக்காது. அப்பாவுக்காக என்றால் இப்படிச் செய்யலாம்: 7:30க்குத் திறக்கும்போதே பான்தெய் ஸ்ரே வாசலில் இருங்கள். கிழக்கு பார்த்த சிறிய கோயில், இளஞ்சிவப்புக் கல்லில் காலை வெயில் விழும், ஒன்றேகால் மணி நேரம் போதும், ஏற்றமும் இல்லை. திரும்பும் வழியில் தா ப்ரோம், ஆனால் கூட்ட நேரம். ஓய்வுக்குப் பின் 2:30க்கு அங்கோர் வாட். மாலையில் மேற்குச் சுற்றுக்கு வெளிச்சம் வந்துவிடும் என்பதால் அப்போது மேற்கு வாசல் வழியாகவே போய்க் குருட்சேத்திரத்தில் தொடங்குங்கள். இடப்பக்கமிருந்து கௌரவர், வலப்பக்கமிருந்து பாண்டவர். அம்புப்படுக்கையில் பீஷ்மரை மகளைத் தேடச் சொல்லுங்கள். பாயோன் போகும், போகட்டும்.

வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்ல வேண்டிய இன்னொன்று: "ராமாயணம், பாரதம் எங்களுக்குத் தெரியும், கதை வேண்டாம். எந்த உருவம் யார், உங்கள் ராமகேர்த்தியில் (கெமர் ராமாயணம்) எங்கே கதை மாறுகிறது, அதைச் சொல்லுங்கள்." அவர் மனப்பாடமாகச் சொல்லும் கதையில் பாதி நேரம் மிச்சம்.

தா ப்ரோமில் நம் தொல்லியல் துறைதான் சீரமைப்புப் பணி செய்து வருகிறது. எந்தச் சுவர் சரிந்து கிடந்தது, எது திரும்ப அடுக்கியது என்று கேட்டால் காட்டுவார்.

நிழல்தேடி

சாப்பாடு: ஊரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஓய்வுக்குத் திரும்பும்போது அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கோயில் பக்கத்துக் கடைகளில் "காய்கறி மட்டும்" என்றால் இறைச்சி போடமாட்டார்கள், ஆனால் மீன் சாறு (தெக் த்ரெய்) விடுவார்கள். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. மீன் சாறும் ப்ரஹோக்கும் (புளிக்கவைத்த மீன் விழுது) வேண்டாம் என்று வழிகாட்டியை விட்டே கெமர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள்.

தின்பண்டத்தை நெகிழிப் பையில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். அங்கோர் வாட்டிலும் அங்கோர் தோம் வாசல்களிலும் குரங்குகள் பறித்துவிடும், கடிக்கவும் செய்யும். பையை ஜிப் போட்டு முதுகில்.

டாலர் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த, எழுதிய நோட்டை வாங்க மாட்டார்கள். இங்கிருந்தே புது நோட்டாக, 5, 10 டாலராக மாற்றிக்கொண்டு போங்கள். சில்லறையை உள்ளூர் நாணயமான ரியெலில் தருவார்கள், ஒரு டாலருக்குச் சுமார் 4000.

அம்மாவுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கி வேனில் போட்டுவிடுங்கள். சுற்று மண்டபங்களில் சிற்பத்துக்கு எதிரே உட்கார ஏதும் கிடையாது, அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறீர்கள்.