உசிக் – ஃபியூரி ரீமேட்ச்: 2024 டிசம்பர் 21 யாருக்கு?

இடதுகைக்காரன்:
ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உசிக்கும் ஃபியூரியும் ரியாத்தில் மறுபடி மோதுகிறார்கள். என் கணக்கு உசிக்தான், ஜட்ஜ்கள் போடும் பாயிண்டில். மே மாதம் உசிக் வென்ற முதல் சண்டை போல இழுபறி இருக்காது.

ஜிப்ஸிராஜா:
கனவு காணுங்கள். மே சண்டையில் 4ஆவதிலிருந்து 7ஆவது ரவுண்டு வரை உங்கள் ஆள் அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே வரும் குத்து) வயிற்றுக் குத்தும் வாங்கியது மறந்துவிட்டதா? 9ஆவதில் ஃபியூரி தரையைத் தொடவே இல்லை. கயிறு தாங்கியது என்று ரெஃப்ரி அதை நாக்டவுனாக (விழுந்ததாக) எடுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கிவிட்டார். அதில் ஒரு பாயிண்ட் போனது. ஜட்ஜ்கள் கணக்கு: 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃபியூரிக்கு. அந்த ஒரு பாயிண்டைத் திருப்பிக் கொடுங்கள்: ஒரு ஜட்ஜ் அங்கே, ஒருவர் இங்கே, ஒருவர் 114-114. சண்டை டிரா!

இடதுகைக்காரன்:
கயிறு இல்லையென்றால் கீழே கிடந்திருப்பார் பாஸ். விதிப்படி அதுவும் நாக்டவுன்தான். சொல்லப்போனால் ரெஃப்ரி எண்ணியதுதான் ஃபியூரிக்கு லாபம். எண்ணாமல் விட்டிருந்தால் இன்னும் நாலு குத்தில் கதை முடிந்திருக்கும்.

ஜிப்ஸிராஜா:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ரீமேட்சில் ஃபியூரி வேற ஆள். 2018இல் அமெரிக்க வீரர் வைல்டரோடு டிரா. 2020 ரீமேட்சில் 273 பவுண்டு எடையோடு வந்து, மேலேயே சாய்ந்து சாய்ந்து 7ஆவது ரவுண்டில் முடித்தார். உசிக் மே மாதம் 223 சொச்சம்தான். கிளிஞ்ச் (கட்டிப்பிடி) பிடிக்கும்போதெல்லாம் அந்த மலையைத் தோளில் சுமந்தால் கடைசி ரவுண்டுகளில் கால் நகருமா?

கார்னர்ஸ்டூல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வைல்டருக்கு வலது கைதான் எல்லாமே. பின்னால் தள்ளினால் ஆள் காலி. உசிக் சவுத்பா (இடதுகை வீரர்), நேராகப் பின்வாங்குவதே அபூர்வம். ஃபியூரியின் முன்காலுக்கு வெளியே கால் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார். சாய்வதற்கு ஆள் அங்கே நின்றால்தானே? பிரிட்டிஷ் வீரர் ஜோஷுவாவும் உசிக்கோடு 2022 ரீமேட்சில் முட்டித் தள்ளிப் பார்த்தார். 9ஆவதில் நன்றாகவே அடித்தார். 10ஆவதில் உசிக் விளாசிவிட்டார். களைக்க வேண்டிய நேரத்தில் வேகம் கூட்டுகிற ஆளிடம் எடையை நம்பி வருவது ஆபத்து. அப்புறம், போன வருஷம் குத்துச்சண்டைக்கே புதுசான எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் என்கானு ஃபியூரியைத் தரையில் உட்கார வைத்ததையும் யாராவது பேசுங்களேன்.

ஜிப்ஸிராஜா:
என்கானுவை அலட்சியமாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்த முறை கோமாளித்தனம் இருக்காது.

இடதுகைக்காரன்:
கோமாளித்தனம் இல்லாத ஃபியூரியா? நல்ல கதை. உங்கள் கணிப்பு என்ன, அதைச் சொல்லுங்கள்.

ஜிப்ஸிராஜா:
ஃபியூரி, 10ஆவது ரவுண்டுக்குள் ஸ்டாப்பேஜ் (சண்டை பாதியிலேயே நிறுத்தம்). எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இடதுகைக்காரன்:
எழுதியாச்சு. 22ஆம் தேதி காலையில் ஆள் தலைமறைவாகக் கூடாது.